நாலரை வோல்ட் பூமி

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பாதி ஷட்டர் இறக்கிய கடையில்
துண்டுச் சீட்டை நீட்டினேன்.
எட்டுக்கால் ஐசி ஒன்று,
நாலு புள்ளி ஏழு கிலோ ஓம் இரண்டு...
"மவனுக்குப் பிராஜெக்டா அக்கா?" என்றான் பிபின்.
எனக்கு, என்றேன்.
மீதிச் சில்லறைக்குப் பதிலாக
ஒரு சின்ன எல்.ஈ.டி. தந்தான். சிவப்பு.

தம்பி ஷாஜின் குவைத்திலிருந்து அனுப்பிய ஹெட்ஃபோன்,
இருநூற்றைம்பது ஓம்.
செல்போனில் சொருகினால்
ஆர்மோனியம் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது.
பகலெல்லாம் புதுக்கடை அண்டி ஆபீசில்
முந்திரி ஓடு உடைபடும் சத்தத்தைச்
சும்மா வாங்கிக்கொள்கிற காது
ராத்திரி ஒரு பாட்டுக்காகக் கெஞ்சக் கூடாது.
அவ்வளவுதான் காரணம்.

தோட்டெண்ணெய் தின்ற விரல்கள் எனக்கு.
ரேகை வைத்தால் ரேஷன் மிஷின் என்னை நம்பாது.
அந்த விரல்களுக்கிடையில்
மஞ்சள் ஊதா சிவப்பு வரி போட்ட தடை,
நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிது,
அசையாமல் நின்றது.
ஈயம் உருகும்போது சுட்டது. சுடட்டும்.

படத்தில் விளங்காதது ஒன்றே ஒன்று:
பூமி.
பாட்டரிக்கு ஒரு தலை, ஒரு வால்.
பூமி எங்கே?
சரிசமமாய் இரண்டு தடை வைத்து
ஒன்பதை நடுவில் பிளந்து
அந்த நாலரையைப் பார்த்து
நீதான் பூமி என்று சொல்லிவிட வேண்டும்.
சொன்னதும் மற்றதெல்லாம்
அதற்கு மேலே, அதற்குக் கீழே என்றாகிவிடும்.
வழக்கில் கிடக்கிற எங்கள் பத்து சென்டை நினைத்துக்கொண்டேன்.
சர்வேயருக்கு இது இவ்வளவு சுளுவாக வராது.

ஏழாம் காலில் கரண்ட் போனது.
அயர்ன் ஆறிக்கொண்டே வந்து
கம்பியோடு ஒட்டி நின்றது.
ஓட்டின் மேல் மழை.
நிஷ்மா டார்ச் பிடித்தாள்.
"அம்மா, இது வெடிக்குமா?"
ஒன்பது வோல்ட் எங்கே வெடிக்க,
நாக்கில் வைத்தால் புளிக்கும்.
வைத்துப் பார்த்தாள். புளித்தது.

அவள் தூக்கிப் போட்ட ஜியாமெட்ரி டப்பாதான் பெட்டி.
மூடியின் உள்பக்கம்
இன்னும் பதினாறாம் வாய்பாடு.

பத்தரைக்குக் கரண்ட் வந்தது.
முதலில் ஐம்பது ரூபாய் இயர்ஃபோன்,
கருகினால் அது கருகட்டும் என்று.
கருகவில்லை.
பிறகு பெரியது.

பாட்டு இன்னும் போடவில்லை.
குமிழைத் திருகத் திருகச்
சாரல் மாதிரி ஓர் இரைச்சல்.
அதன் அடியில் ஒரு ஆண் குரல்.
எந்த மொழி என்று பிடிபடவில்லை,
ஏதோ கணக்கு வாசிப்பது போல.
தேங்காப்பட்டணத்துக் கடலைத் தாண்டி வந்து
நான் வெட்டாமல் விட்ட ஒரு சாண் வயரில்
இறங்கியிருக்கிறான்.
ஒன்றைப் பதினொன்றாக்கி
என் சர்க்யூட் அவனைப் பேச வைக்கிறது.

பிழைதான்.
மூடியை அழுத்தினேன்; குரல் அறுந்தது.
பாட்டு போட்டேன்.
துருத்தி இழுபடும் மூச்சுகூடக் கேட்டது.

இரண்டு பாட்டு.
பிறகு நிறுத்திவிட்டு
மூடியை ஒரு விரற்கடை திறந்து வைத்தேன்.
அந்த ஆள் இன்னும் முடிக்கவில்லை.