மிதி, விடு

வேலிக்கல் தகராறுக்குப் பிறகு
மூன்று குளிர்காலம் பேசாத ஹெல்டுரை
நானே போய்க் கூப்பிட்டேன்.
வேறு வழியில்லை.
சக்கரத்தின் அச்சு நட்டைக் கழற்ற
இன்னொருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும்.

சாரேமா தீவின் உப்பு
மரைக்குள் குடியேறி வெகுநாள்.
ஸ்பானரில் தண்ணீர்க் குழாயைச் செருகி
அதன்மேல் ஏறி நின்றேன்.
"மிதி."
வேட்டுப் போட்டாற்போல் ஒரு சத்தம்.
அவன் நாய் கொட்டகைக்கு ஓடியது.
"விடு."

"விர்வே, பழையதையே போட்டால் என்ன?"
ஒருமுறை மடக்கியதை
மறுபடி நம்பக் கூடாது என்றேன்.
நட்டைத்தான் சொன்னேன்.

புது நட்டு. "மிதி."
டார்க் ஸ்பானர் க்ளிக் என்றது.
அதன் உதட்டைத் தண்டின் பள்ளத்துக்குள்
உளியால் தட்டி இறக்கினேன்.
தொப்பி போட்டேன், கை துடைத்தேன்,
காப்பி வைக்க உள்ளே போனேன்.

ஜன்னல் வழியே பார்த்தால்
ஹெல்டுர் இன்னும் மிதித்தபடி.
விடு என்று சொல்லவில்லையே நான்.