பத்தொன்பது நாள்

பாதுகாப்பு வால்வு மூடவில்லை.
சோதனைதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
ஆனாலும் மூடவேண்டியது மூடாத அன்று
வடகடலில் ஒருவரும் சரியாகத் தூங்குவதில்லை.

குழாயை உருவி எடுத்தார்கள்.
கப்பலேறி ஸ்டவாங்கர் வந்து
துறைமுகக் கொட்டகையில் கிடந்தது,
இரு முனையிலும் மஞ்சள் உறை கட்டி.
கதிர்வீச்சுக் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனால்
தகரக் கூரையில் தூறல் விழும் சத்தம்.
பேரியம் படியும் இடத்தில்
ரேடியமும் வந்து ஒட்டிக்கொள்ளும்,
கல்யாணத்துக்கு அழைக்காமல் வந்த தூரத்து உறவு மாதிரி.

ராங்ஃப்ரிட் தண்ணீர் ஊற்றி ஊற்றி அறுத்தாள்.
தூசி பறக்கக் கூடாது.
ஐந்து அங்குலக் குழாயில்
மூன்று விரல் நுழையும் அளவே வழி.
மற்றதெல்லாம் கல்.

அடியில் இருந்த நீர் பழையது.
பறவை என்று ஒன்று பிறக்குமுன்பே
பாறைக்குள் அடைபட்டது.
பேரியம் கரைந்திருந்தும் தெளிவாகத்தான் இருந்தது.
எண்ணெயை நெட்டித் தள்ள
நாங்கள்தான் மேலிருந்து கடலை இறக்கினோம்.
அதில் சல்பேட். அதுவும் தெளிவுதான்.
குவளையில் இரண்டையும் ஊற்றிப் பார்த்திருக்கிறேன்:
பால் திரியும் நேரம்கூட ஆகாது.
சுண்ணாம்பு என்றால் அமிலத்தில் நுரைத்துக் கரையும்.
இது அமிலத்துக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும்.

அதற்குத்தான் மருந்து.
லட்சம் துளி நீருக்கு ஒரு துளி.
படிகம் முளைவிடும் இடத்தில் போய் அமர்ந்து
வளரவிடாது, அவ்வளவுதான் அதன் வேலை.
மருந்தை அனுப்ப ஒரு சின்னப் பம்பு,
தையல் மெஷின்போல் அடித்துக்கொண்டு,
மேடையின் வடக்கு மூலையில்,
காற்று நேரே வந்து அறையும் இடத்தில்.

அந்தப் பிப்ரவரி அதைப் பார்க்கும் வேலை எனக்கு.
இரவுப் பணி. படிகளில் பனி உறைந்திருந்தது.
முதல் இரவு ஏறவில்லை.
முந்தைய நாள் எண்ணையே எழுதிக் கையெழுத்திட்டேன்.
இரண்டாம் இரவு,
நேற்று எழுதியது சரியாக இருந்ததால்
இன்றும் சரி.
அப்புறம் படியைப் பற்றி நினைக்கவே இல்லை.
பதினாலு நாள் முடிந்து ஹெலிகாப்டர் ஏறினேன்.
எனக்குப் பின் வந்த தோர்கில்ஸ்
என் எண்ணையே ஐந்து நாள் எழுதினான்.
காற்று அடங்கிய ஆறாம் நாள் ஏறிப் பார்த்தான்.
உள்ளே சவ்வு கிழிந்து
பம்பு வெறும் சத்தம்தான் போட்டுக்கொண்டிருந்தது.
"இன்று பழுது. இன்றே சரி செய்யப்பட்டது"
என்று எழுதினான்.
அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
இருவரும் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பிக்கொள்வோம்.

அறுத்த முகத்தைத் துடைத்தாள் ராங்ஃப்ரிட்.
சாம்பல் வளையங்கள், நூல்போல் மெல்லியவை,
நடுநடுவே எண்ணெயின் கருங்கோடு.
பிறகு ஒரு வெள்ளை,
நகத்தளவு தடிப்பு,
சொரசொரவென்று.
அதைப் பிடித்துக்கொண்டுதான்
மேலே உள்ளதெல்லாம் ஏறியிருந்தது.

அளவுகோலை ஒட்டி வைத்துப் படமெடுத்தாள்.
"இங்கே மருந்து நின்றிருக்கிறது.
பதினைந்து நாள், இல்லை இருபது.
பதிவேட்டில் ஒன்றையும் காணோம்."
என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.
முதுகுவலிக்காகக் கரைக்கு மாற்றப்பட்டவன்,
குழாயின் மறுமுனையைப் பிடிக்க நிற்பவன்,
அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

கருவி தூறிக்கொண்டே இருந்தது.

"அதில் பதினாலு என்னுடையது" என்றேன்.

எழுதினாள். தேதி கேட்டாள். சொன்னேன்.
"மீதி?"

கையுறையின் ஒரு விரலைக் கழற்றினேன்,
மறுபடி மாட்டினேன்.
தோர்கில்ஸுக்கு இந்த வாரம் கடல் முறை.
வடக்கு மூலை.
வானொலியில் மாலையே சொல்லிவிட்டார்கள்,
இன்றிரவும் காற்று.