வெற்றுப் பால்

கொழிஞ்சாம்பாறையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்
அருளப்பனிடம் போய்
மூன்று கோடு மட்டும் போட்டுத் தரமுடியுமா என்றேன்.
"வேற எழுத்தே வேண்டாமா டீச்சர்?
மாப்பிள்ள பேருகூடவா?"

பேட்டரிக் கரிக்குச்சியை இடித்துச் சலித்த பொடி,
நெயில் பாலிஷ்,
லேபிலிருந்து ஒரு சிட்டிகை பிரஷ்யன் நீலம்.
முதல் ஈடு செதில் செதிலாய் உதிர்ந்தது.
இரண்டாவது, மின்சாரம் போகாத வெறும் கறுப்பு.
மூன்றாவதை
பக்கத்து பேக்கரி அடுப்பின் மேல்தட்டில் காயவைத்தோம்.
ரஸ்க்கில் நகப்பூச்சு வாடை என்று
வறீது சேட்டன் ஒரு வாரம் பேசவில்லை.

மூன்றாம் கோட்டுக்கு மட்டும் வெள்ளிப் பூச்சு.
ப்ளீச்சிங் கரைசலில் முக்கினால்
நாவல்பழம் உண்ட நாக்கு நிறம்.
அதன் வேலை, மாறாமல் இருப்பது.
மற்ற இரண்டும் என்ன சொன்னாலும்
அதைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

ஒரு ஓஹெச்பி ஷீட்டில் நாற்பது பட்டை.
கத்தரித்து, ஒரு சொட்டு வைத்து,
பார்த்து, எறிந்துவிடலாம்.
ஒன்றரை ரூபாய்.

மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டில்
விடியுமுன் வரிசை கட்டும் டேங்கர்களுக்காக,
பாலில் பெராக்சைடு தேடத்தான் இதெல்லாம்.
ஒப்பிட ஒரு சுத்தமான பால் வேண்டுமே.
என் வீட்டுப் பாலையே கொண்டுபோனேன்,
காலையில் காப்பிக்கு எடுத்ததுபோக மீதி.

பூஜ்யத்தில் படுக்கவேண்டிய கோடு
எழுந்து நின்றது.

பட்டை பொய் என்று எறிந்தேன்.
இன்னொன்று. இன்னொன்று.
கிணற்றுத் தண்ணீர் வைத்தேன்: அசையவில்லை.
மறுபடி பால்.
எழுந்து நின்றது.

மறுநாள் செந்தாமரையிடம் கேட்டேன்.
டிவிஎஸ்ஸில் நாலு கேன், மேலே ஈரச் சாக்கு.
அவர் முகம் மாறவில்லை.
"பன்னெண்டு வீட்டுல எடுக்கறேன்.
நாலு மணிக்குக் கறந்தது,
கூலிங் சென்டர்ல கரண்ட் வர்றது எட்டுக்கு.
எந்த வீட்டுல ஊத்துறாங்களோ...
திரிஞ்சா நீங்கதான கேப்பீங்க?"

பிறகு, கேனை மூடிக்கொண்டே,
"அந்தப் பட்டைல பன்னெண்டு குடுங்களேன்,
ஒரு நாளைக்கி.
என்ன வெல?"

பதினெட்டு ரூபாய்.
ஆனால் பட்டை மட்டும் போதாது,
படிக்க மெஷின் வேண்டும்.

"அது எவ்வளவு?"

சொன்னேன்.

ஸ்டாண்டைத் தட்டிவிட்டார்.
அரை லிட்டர் அளந்து ஊற்றியது
இன்னும் என் கையில்தான் இருந்தது.