திருகு கீழே இருந்தது

எமிர் கிளம்பிப் போன ஆகஸ்டில்
சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.
அறுபத்தேழாம் வருடத்து ட்ரையம்ஃப் விடெஸ்.
கொஞ்சம் துரு. நிறைய மழை.
பெதெஸ்டாவில் சாலை என்றால் ஏறும், இல்லையென்றால் இறங்கும்.
நடுவில் நிற்க ஒரு பிரேக் வேண்டும்.

பெடல் மெத்தென்று இருந்தது.
மிதித்தால், ஆமாம் ஆமாம் என்று
தரைவரை தலையாட்டிக்கொண்டே போகும்.
இரண்டாம் மிதிக்குக் கொஞ்சம் ரோஷம் வரும்.
மூன்றாவதில் நிற்கும், மன்னிப்புக் கேட்பதுபோல.
பிடி கொடுக்காத ஆளோடு பதினோரு வருடம் இருந்தவள் நான்.
அறிகுறி தெரியும்.

முதலில் ஒழுகலைத் தேடினேன்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
நாலு சக்கரத்தடியிலும் செய்தித்தாள் விரித்தேன்.
காலையில் எல்லாத் தாளும் காய்ந்தே கிடந்தது.
மாஸ்டர் சிலிண்டர்மேல் பழியைப் போட்டேன்,
புதிது வாங்கினேன், அறுபத்துநாலு பவுண்ட். மாற்றமில்லை.
பின் சக்கர ஷூக்களை இறுக்கினேன்:
ஒரு விரற்கடை உயர்ந்தது, அவ்வளவுதான்.
பிறகு ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக நெரித்துப் பார்த்தேன்.
முன்னிரண்டையும் நெரித்த கணம் பெடல் கல்லானது.
ஆக, முன்பக்கம்.
ஆக, காற்று.

ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும்.
எமிருக்கு முழங்கால் வலியாம்.
மென்னாவை அனுப்பினான்.
அவன் இப்போது இருக்கும் வீட்டின் சொந்தக்காரி.

அவள் ஸ்டீயரிங் முன்னால், தோல் கையுறையோடு.
நான் பழைய கம்பளத்தின்மேல் மல்லாந்து.

மிதி.
மிதிச்சிட்டேன்.
பிடி.
பிடிச்சிருக்கேன்.
விடு.

இந்த மூன்றுக்கு மேல் எங்களுக்குள் பேச்சில்லை.
மூன்றும் அவனைப் பற்றியதாகவும் கேட்டது.
ஜாடிக்குள் ஆயில் தெளிவாக வந்தது,
ஒரு குமிழ்கூட இல்லாமல்,
நன்றாகப் பாடம் பண்ணிய பொய்ச்சாட்சி போல.
மூன்று சுற்று முடித்தோம்.
பெடல் மறுபடி தலையாட்டியது.

மென்னா இறங்கி வந்து குனிந்தாள்.
"திருகு ஏன் கீழே இருக்கு?"
"வேறெங்கே இருக்கணும்?"
"எங்க வீட்டு ரேடியேட்டர்ல மேலே இருக்கும்.
அக்டோபர் வந்தா நான்தான் திறந்துவிடுவேன்.
காத்து மேலேதானே போகும்."

கூரைத் தகரத்தில் மழை தட்டிக்கொண்டிருந்தது.

பிப்ரவரியில் இரண்டு காலிப்பரையும் கழற்றி,
தேய்த்து, சிவப்புச் சாயம் அடித்து,
இடத்தை வலத்திலும் வலத்தை இடத்திலும் மாட்டியது யார்?
எமிர் இல்லை. ஆறு மாதம் முன்பே போய்விட்டான்.
ஸ்பேனரின் பிடியில் இன்னும் இருக்கிறது அந்தச் சிவப்பு,
என் கட்டைவிரல் அளவில்.
வண்டி நிற்காத ஒவ்வொரு வளைவிலும்
அவன் பெயரைச் சொல்லித் திட்டியிருக்கிறேன்.
காற்று பாட்டுக்கு மாடியில் உட்கார்ந்திருக்க,
நான் நிலவறைக் கதவைத்
திறந்து திறந்து மூடியிருக்கிறேன்.

மாற்றி மாட்டுவதற்குள் இருட்டிவிட்டது.
மென்னா எப்போதோ கையுறையைக் கழற்றியிருந்தாள்.

மிதி. பிடி.
திருகு விட்டதும் குழாய்க்குள்
முதலில் ஒரு இருமல், பிறகு நுரை,
பிறகு முத்து முத்தாக, அவசரமில்லாமல்,
ஏதோ பள்ளிக்கூடம் விட்டதுபோல.
"வருதா?"
"வருது."
"இன்னுமா?"
"இன்னும்."

ஏழாவது மிதியில், "இதுக்கு மேல போகலை," என்றாள்.
உடைத்துவிட்டோமோ என்று கேட்கும் குரல்.
நான் அடியிலேயே கிடந்தேன், கொஞ்ச நேரம்.

ஓட்டிப் பார்த்தோம். தேவாலயத்து இறக்கம்.
கீழே பால் லாரி ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது.
மிதித்தேன், ஒரே ஒரு முறை.
இருவரும் ஒரே அளவு முன்னால் சாய்ந்து
ஒரே அளவு பின்னால் வந்தோம்.

"என்னதான் கோளாறுன்னு கேட்பார்," என்றாள்.
"மாஸ்டர் சிலிண்டர்னு சொல்."
அவள் பதில் சொல்லவில்லை.
விரலில் இருந்த பிரேக் ஆயிலை
என் சீட்டில் துடைத்தாள்.