வினை கடைசியில் வரும்

கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று
கையெழுத்திட்டுக் கொடுத்த மொழிபெயர்ப்பாளர் நான்.
மணித்தியாலக் கூலி. பயணச்செலவு தனி.
அகதி விசாரணை, பல் வைத்தியம், பெற்றோர் கூட்டம்,
ஒருமுறை, பக்கத்து வீட்டு நாய் கடித்த வழக்கு.

ஒல்டெனில், ஆரே ஆற்றுக்கு மேலே, மூன்றாம் மாடி.
ஞானச்செல்வம். இருபத்தாறு வருடம்
ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவியவர்.
ஆள் இருக்கும் வீட்டில்
அறை அறையாய் விளக்கணைத்துக்கொண்டு வருகிற நோய்.
நாக்கில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம்.

"இது உங்கள் சொந்த விருப்பமா?" என்றார் வைத்தியர்.
"இது"வுக்கு அவரிடம் நாலு சொல் இருந்தது.
ஒன்றுக்குள் சுதந்திரம், இன்னொன்றுக்குள் உதவி.
என்னிடம் இருந்தவை இரண்டு:
தற்கொலை. கருணைக்கொலை.
எதைத் திறந்தாலும் உள்ளே கொலை குந்தியிருந்தது,
ஒன்றில் மட்டும் கொஞ்சம் பவுடர் பூசிக்கொண்டு.

நான் தடுமாறுவதைப் பார்த்து
அவரே சொன்னார், எச்சில் வழிய, மெதுவாக:
"போறன்."

வாசற்படியில் எவரும் சொல்லாத சொல்.
பால் வாங்கப் போனாலும்
போட்டு வாறன் என்றுதானே சொல்லுவோம்.
தவமலர் சேலைத் தலைப்பை வாயில் வைத்தாள்.
ஜெர்மனில் அதைச் சொல்ல
இரண்டே சின்னச் சொற்கள் போதுமாக இருந்தன.
வேலை முடிந்தால் காசாளர் பெண் சொல்வாள், அதே சொற்கள்.
வைத்தியர் எழுதிக்கொண்டார்: தெளிவாக இருக்கிறார்.

ஆறு கிழமைக்குப் பிறகு மறுபடி அதே மாடி.
இம்முறை அழைத்தது பொலிஸ்.
இங்கே அது வழமை; யாரையும் சந்தேகித்து அல்ல.
சாக உதவலாம், தன்னலத்துக்காக உதவக்கூடாது,
அவ்வளவுதான் சட்டம்.
ஆனால் அந்த "தன்னலம்" யார் வீட்டு அலுமாரியில்
எந்தத் தட்டில் இருக்கிறது என்று
ஒருவர் வந்து பார்க்க வேண்டும்.

வந்தவர் ஏஷ்பாகர். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தார்.
காலுறையில் பெருவிரல் தெரிந்தது.

கட்டில் ஏன் குறுக்கே கிடக்கிறது?
"வடக்குப் பக்கமாத் திருப்பச் சொன்னவர்."
வடக்குப் பக்கம், என்றேன்.
புண்பட்ட மன்னர்கள், ஆற்றிடைத் திட்டு, உண்ணாநோன்பு,
அதெல்லாம் அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.
ஏஷ்பாகர் யன்னலால் பார்த்தார்.
பாசல் ரயில் ஒன்று
ஹௌவன்ஸ்டைன் சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

பிறகு கேட்டார்:
"அவருடைய சாவால் உங்களுக்கு ஏதும் நன்மை உண்டா?"

காப்புறுதி இல்லை. நகை அடகில். மகன் லீட்ஸில்,
"வருத்தத்தில மோசம் போனார் எண்டு மட்டும் போடுங்கோ" என்று
மரண அறிவித்தலுக்குச் சொல்லி அனுப்பியிருந்தான்.
அவள் இதொன்றும் சொல்லவில்லை.
யோசித்தாள். பொய் தெரியாத மனுசி.
"இனி எனக்கு இரவில நித்திரை வரும்."

அறைக்குள் ஃபிரிட்ஜ் மட்டும் பேசியது.
நாலு வருடம். இரண்டு மணிக்கொருக்கால் புரட்டிப் படுக்கவைத்து,
சளி உறிஞ்சி, மூச்சை எண்ணி.
நான் அதைச் சேர்க்கலாம், ஒரே ஒரு வசனம்.
அல்லது "நித்திரை"யை "அமைதி" ஆக்கலாம்,
அமைதியில் எவரும் குற்றம் காணார்.

தமிழிலே வினை கடைசியில் வரும்.
ஜெர்மனிலும், நீட்டி நீட்டி அடுக்கினால், அப்படித்தான்.
வினை வரும்வரை எவரும் குற்றவாளியில்லை.
நான் அடுக்கினேன்: இனிமேல், இரவுகளில், அவரால், மறுபடியும்...

தூங்க முடியும் என்று சொல்கிறார்.

ஏஷ்பாகரின் பேனா நின்றது.
"என்னுடைய அம்மாவுக்கும்…" என்று தொடங்கினார்.
அதை மொழிபெயர்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை,
அவர் முடிக்கவும் இல்லை.
தவமலர் என்னைப் பார்த்தாள்:
"பிழையாச் சொல்லிப்போட்டனோ?"

அதை மொழிபெயர்த்தேன். அது என் வேலை.

படியிறங்கும்போது பின்னாலிருந்து கேட்டாள்,
"தம்பி, தேத்தண்ணி குடிக்காமப் போறீரோ?"
வாறன் அக்கா, என்றேன்.

பற்றுச்சீட்டில் எழுதினேன்:
ஒன்றே முக்கால் மணித்தியாலம்.