ஜிப்

பயிற்சி வகுப்பில்
பதினாறு வயதுப் பையனாக நடித்தவள் ஹெலன்.
ஐம்பத்தெட்டு வயது, முழங்கால் வலி.
ஐந்தாவது நிமிடமே கதறி அழுதாள்.
தலையசைத்தேன், டிஷ்யூ நீட்டினேன்,
சான்றிதழ் கிடைத்தது.

டன்டினாங் பள்ளிக்கூடத்தில்
பழைய வரைபடங்கள் சுருட்டி வைத்த அறையில்
கவிநயன் அழவில்லை.
ஜக்கெற்றின் ஜிப்பை மேலே இழுத்தான்,
கீழே இழுத்தான்.
நாலு கிழமை.
"எப்பிடி இருக்கிறாய்?"
"ஓகே."
சர்ர்.

முதல் நாள் நேரெதிரே இருந்தேன்.
"பொலிஸ் மாதிரி இருக்கு, மிஸ்."
கதிரையைச் சரித்துப் போட்டேன்.
பிறகு நாங்கள் யன்னலைப் பார்த்தோம்,
யன்னல் குப்பைத்தொட்டிகளையும்
அவற்றுக்காகச் சண்டைபிடிக்கும்
கடற்காகங்களையும் பார்த்தது.

ஏன் என்று கேட்கக் கூடாது.
எங்கள் வீடுகளில் அது கேள்வியே அல்ல:
ஏன் பிந்தினாய், ஏன் மாக்ஸ் குறைஞ்சது,
ஏன் மூஞ்சையை நீட்டுறாய்,
பிரம்போடு வரும் சொல்.
நாக்கு நுனிவரை வரும்.
எத்தனை விழுங்கினேன் என்று
வயிற்றுக்குத்தான் தெரியும்.

"ஒருத்தருக்கும் சொல்ல மாட்டீங்கள்தானே?"
மாட்டேன் என்றிருந்தால்
அன்றே எல்லாம் கொட்டியிருப்பான்.
"உன்ர உயிருக்கு ஆபத்தெண்டால் சொல்லுவன்.
சொல்ல முதல் உனக்குச் சொல்லுவன்."
ஜிப் கழுத்துவரை போய் நின்றது.

இரண்டு வியாழன் அவன் வரவில்லை.
அவனுக்கான நாற்பது நிமிடமும்
கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன்.
ஸ்டேப்லருக்குக் கம்பி போட்டேன்.
அது ஏற்கனவே நிரம்பியிருந்தது.

மூன்றாம் வியாழன் மழை.
நனைந்த சப்பாத்தோடு வந்தான்.
"நான் இல்லாட்டி
வீட்டில எல்லாருக்கும் லேசு,"
வானிலை அறிக்கை வாசிப்பதுபோலச் சொன்னான்.

கேட்க வேண்டியதை நேராகக் கேள்,
கேட்பதால் அந்த எண்ணம் பிறக்காது:
கையேடு, பக்கம் நாற்பத்தொன்று.
கையேடு ஆங்கிலத்தில் இருந்தது.
எங்கள் ஆட்கள் அந்தச் சொல்லை
செத்தவீட்டு வாசலில், குரல் தாழ்த்தி,
எல்லாம் முடிந்த பிறகே சொல்வார்கள்.
உயிரோடு ஒருவன் முகத்துக்கு நேரே
நான் சொன்னதில்லை.

"கவிநயன்,
சாக வேணுமெண்டு யோசிக்கிறியா?"

குரல் நடுங்கியது.
ஹெலனிடம் நடுங்கவில்லை.

வெளியே ஒரு கடற்காகம்
பாண் துண்டோடு எழும்பியது.
மௌனத்தை நிரப்பாதே, அது அவனுடையது.
எண்ணினேன். பதினேழுவரை.

"ஓம்."

பிறகு,
"இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை."

யாரை முதலில் கூப்பிடுவது என்று
அவன்தான் தெரிந்தான்.
இலக்கத்தை அவன் சொல்ல, நான் அழுத்தினேன்.
கோழித் தொழிற்சாலையின் வெள்ளைச் சப்பாத்தோடு
அம்மா ஓடிவந்தார்.
"ஏன்" என்று வாய் திறந்தார்.
மூன்றாவது கதிரையை இழுத்து
யன்னல் பக்கம் சரித்துப் போட்டேன்.
இருந்தார்.
நெடுநேரம் குப்பைத்தொட்டிகளைப் பார்த்தார்.
பிறகு அவன் நனைந்த காலுறையைக் கழற்றினார்.

ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகக் காரில் ஏறினான்.
ஜிப் பாதிவரை திறந்திருந்தது.
யூலை மாதக் குளிர்.
பூட்டு என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.