எதிரில்

எங்கள் தெருவில்
வீட்டுக்கு வீடு இரண்டு எண்கள்.
பழைய எண் 14, புதிய எண் 31.
எங்களுக்கு ஒன்றுகூட இல்லை.
எதிரில் என்று எழுதுவோம்.

கன்னிகா, த/பெ வேதகிரி,
எண் 14க்கு எதிரில், பிளாட்பாரம்,
பொன்னப்பன் தெரு, சென்னை 1.
எட்டாவது வரை படித்தவள் என்று
எழுபத்திரண்டு குடும்பத்துக்கும்
படிவம் நிரப்பியது நான்தான்.
ஒரே முகவரியை அத்தனை தடவை எழுதினால்
கை தானாக ஓடும்.
பேர் எழுதும் இடத்தில் மட்டும் நிற்கும்.

14 முதலில் தோல் மண்டி.
கப்பலேறப் போகும் தோலுக்கு
உப்பு தடவிய கையோடு
இந்தப் பக்கம் வந்து படுத்தார்களாம்,
ஒரு ராத்திரிக்குத்தான் என்று.
அப்புறம் 14 அச்சாபீஸ்.
பிழையாய் அச்சான கல்யாணப் பத்திரிகைகள்
எங்கள் அடுப்புக்கு வந்தன.
முகூர்த்த நேரம் தப்பிய யார் யார் கல்யாணத்திலோ
எங்கள் உலை கொதித்தது.
அப்புறம் பைப்பு குடோன்.
அப்புறம் பங்காளி வழக்கு, பூட்டு,
பூட்டின்மேல் சீல், சீலின்மேல் ஆலஞ்செடி.
எதிரில் இருந்தது மாறிக்கொண்டே இருந்தது.
நாங்கள் எதிரிலேயே இருந்தோம்.

தெருவின் பேருக்கு அப்போது ஒரு வால் இருந்தது,
முதலி என்று.
கார்ப்பரேஷன்காரர் ஏணி போட்டு ஏறி
வாலை மட்டும் தார் பூசி அழித்தார்.
டப்பாவில் மிச்சமிருந்த தாரைத்
தனக்கோட்டி கேட்டு வாங்கிக்
கூரை ஓட்டையை அடைத்தார்.
சாதி ஒழிந்ததோ என்னவோ,
அந்த மழைக்கு ஒழுகவில்லை.

முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர்.
யாருடையது என்று யாருக்கும் தெரியாது.
சுவர் முழுக்க ஆணிகள்.
தார்ப்பாய் கட்ட, தூளி கட்ட,
பள்ளிக்கூடப் பை மாட்ட.
மரியபுஷ்பத்தின் ஆணியில் மாதா.
பக்கத்து ஆணியில் அங்காளம்மன்.
தூறல் விழுந்தால்
இரண்டு பேரும் ஒரே பாலிதீன் பைக்குள்.

மெட்ரோவுக்கு அளக்க வந்தவர்கள்
சுண்ணாம்பில் கோடு போட்டார்கள்.
கோடு எங்கள் உலைமூடிமேல் ஏறி இறங்கிப் போனது.
அதிகாரி நல்ல மனுசன், வெயிலில் நின்றே கேட்டார்:
எந்த வருசத்துலேர்ந்து இருக்கீங்க, ஆதாரம் இருக்கா?

தேசம்மா பதில் சொல்லவில்லை.
சுவரோரம் போய்க் கத்தியால் நெம்பி
ஒரு ஆணியைப் பிடுங்கி வந்தாள்.
நாலங்குலம். துரு தின்று நடுவில் இளைத்தது.
“எம் மாமியார் அடிச்சது சார்,
எம் புருசனுக்குத் தூளி கட்ட.
அந்தாளுக்கு இப்ப பேரன் கீறான்.
நீயே கணக்கு போட்டுக்கோ.”

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இப்போது பெரும்பாக்கம்.
பிளாக், மாடி, கதவு என்று
ஆளுக்கு மூன்று எண்.
கான்கிரீட்டில் ஆணி இறங்காது,
டிரில் போட வேண்டும்,
ஓட்டைக்கு முப்பது ரூபாய்.
மாதாவும் அங்காளம்மனும்
இன்னும் அட்டைப் பெட்டியில்.
லிஃப்ட் ஓடாத மாசத்தில்
ஏழாவது மாடியிலிருந்து தனக்கோட்டி இறங்கினார்,
நாலு பேர் தோளில்,
ஒவ்வொரு திருப்பத்திலும் செங்குத்தாக.

முதல் பஸ்ஸில் பாதிப் பேர்
பிராட்வேக்குத்தான் போகிறோம்.
பூ அங்கே, மூட்டை அங்கே, கடன் அங்கே.
சுவர் இல்லை. 14 இல்லை.
தகர வேலிக்குப் பின்னால்
ஏதோ தோண்டும் சத்தம்.

நேற்று பாங்கில் முகவரி மாற்றம்.
பேனாவை நூல் போட்டு
கௌண்டர் ஆணியில் கட்டியிருந்தார்கள்.
பழைய முகவரி என்ற கோட்டில்
கை தானாக ஓடி
எதிரில் என்று எழுதி நின்றது.
அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள்.
எதுக்கு எதிர்லம்மா?

பின்னால் வரிசை நீண்டிருந்தது.
நூல் குட்டையாக இருந்தது.